ஏற்காட்டுப் பெண் எப்போது மலை இறங்க வேண்டும்?

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று இந்தியப் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார்கள். அதற்குப் பிறகு, மட்டை வாங்கித் தரச் சொல்லும் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் பல பெற்றோர் இருக்கிறார்கள். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கு அது பக்கத்துத் தெரு அகாடமியில் சேர்ப்பதோடு முடிந்துவிடும். ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கோ அது குடும்பத்தின் இருப்பிடத்தையே மாற்றக்கூடிய கேள்வி. அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே மகளைச் சென்னை அகாடமிக்கு அனுப்புவது ஒன்று. சேலம் மாவட்ட அளவில் ஆடிக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் நகரத்துக் கல்லூரியில் சேர்வது இரண்டாவது. கிரிக்கெட்டைக் கொண்டு ரயில்வே போன்ற நிறுவனத்தில் வேலை பிடித்து, சம்பளக்காரியாக ஆடுவது மூன்றாவது. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதில் சேர்வதே சரி என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்களைப் பணத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம். பெற்றோரின் மனத்தை முதலில் இழுப்பதும் அதுதான்.

முதல் வழிக்கு வெளிச்சம் தந்தது மகளிர் பிரீமியர் லீக். 2024 டிசம்பர் ஏலத்தில் மதுரைப் பெண் ஜி. கமலினியை மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது அவருக்கு வயது 16. அடிப்படை விலை 10 லட்சம்தான். செய்தித்தாளில் அந்தத் தொகையைப் பார்த்த எந்தத் தகப்பனுக்கும் ஆசை வராமல் இருக்காது. ஆனால் லீக்கின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஐந்து அணிகள், ஓர் அணிக்கு அதிகபட்சம் 18 பேர், அதில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர். அப்படியானால் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 60 இந்தியப் பெண்களுக்குத்தான் இடம். களமிறங்கும் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர் போக, ஐந்து அணிக்கும் சேர்த்து 35 இந்தியர் ஆடுவார்கள். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தம் இன்னும் குறுகலானது. 2024-25 பட்டியலில் இருந்தவர்கள் 16 பேர். முதல் பிரிவினருக்கு 50 லட்சம், கடைசிப் பிரிவினருக்கு 10 லட்சம். 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் அறிவிக்கப்பட்டதே என்று கேட்கலாம். டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம் என்பது உண்மைதான். அது இந்தியச் சட்டை போட்டவர்களுக்கு மட்டும்.

அதற்குக் கீழே, மாநில அணி மட்டத்தில்தான் பெரும்பாலானோரின் ஆட்ட வாழ்க்கை கழிகிறது. 2025 டிசம்பரில் வாரியம் உள்நாட்டுக் கட்டணத்தை உயர்த்தியது. சீனியர் பெண்களுக்கு ஒருநாள் ஆட்டத்துக்கு 20,000 ரூபாயாக இருந்தது 50,000 ஆனது, டி20க்கு 25,000, வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதி. ஓர் அணி லீக் சுற்றோடு வெளியேறுகிறது, இரண்டு தொடர்களிலும் ஏழேழு ஆட்டம் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றையும் தவறவிடாமல் ஆடுகிற பெண்ணுக்கு ஆண்டுக்குச் சுமார் ஐந்தேகால் லட்சம் கிடைக்கும். முன்பு இது இரண்டு லட்சம் அளவில்தான் இருந்தது. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனால் முழங்கால் பிசகினால், ஃபார்ம் போனால், தேர்வாளர் மாறினால் அந்த ஆண்டு வருமானம் பூஜ்ஜியம். ஆகவே ஒரு வழியை எடைபோடும்போது, உச்சத்தில் எவ்வளவு வரும் என்பதைவிட, தேர்வாகாத ஆண்டுகளில் அந்தப் பெண் எதைக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பாள் என்பதே முக்கியம்.

இதற்கு ஸ்நே ராணாவைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 2014-இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய இந்த டேராடூன் பெண் 2016-க்குப் பிறகு அணியிலிருந்து காணாமல் போனார். ஐந்தாண்டு அழைப்பே இல்லை. அந்தக் காலம் முழுக்க ரயில்வே ஊழியராக, ரயில்வே அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2021 ஜூனில் பிரிஸ்டல் டெஸ்டில் திரும்பி வந்தவர் நான்கு விக்கெட் எடுத்து, ஆட்டமிழக்காமல் 80 ரன் அடித்துத் தோற்க இருந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார். 2024 ஜூனில் நம் சேப்பாக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 77 ரன்னுக்கு 8 விக்கெட், ஆட்டத்தில் மொத்தம் 10. இதற்கு ஆறு மாதம் கழித்து, கமலினி 1.60 கோடிக்குப் போன அதே ஏலத்தில், ஸ்நே ராணாவை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு காயமடைந்த ஒருவருக்கு மாற்றாகத்தான் பெங்களூரு அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த நவம்பரில் அவர் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஏலத்தின் நியாய அநியாயம் இங்கே பேச்சில்லை. அது இருபது ஓவர் ஆட்டத்துக்கான சந்தை, அதன் கணக்கு வேறு. அந்தச் சந்தையை மட்டும் நம்பியிருந்தால் 2016-க்கும் 2021-க்கும் நடுவே அவர் மட்டையை வைத்துவிட்டு வேறு பிழைப்பு தேடியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தடம் புதிதல்ல. 2013 உலகக் கோப்பையில் சதமடித்து, அந்தப் போட்டியில் சதம் கண்ட முதல் இந்தியப் பெண்ணான திருஷ் காமினி, வேகப்பந்து வீசிய நிரஞ்சனா, தயாளன் ஹேமலதா என்று ரயில்வே அணிக்கு ஆடியவர்கள் இருக்கிறார்கள். உலகக் கோப்பைக்குப் பிறகு ஸ்நே ராணா, ரேணுகா சிங் தாக்கூர், பிரதிகா ராவல் மூவருக்கும் ரயில்வே அதிகாரி நிலைப் பதவி உயர்வு கொடுத்தது. மலைக்குக் கீழே சேலத்திலேயே ஒரு ரயில்வே கோட்டம் இருந்தாலும், ஆளெடுப்பு மண்டல அளவில் நடக்கிறது. வேறு மண்டலங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். எந்த விளையாட்டுக்கு எத்தனை இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், பெண்கள் கிரிக்கெட்டுக்கு இடமே இல்லாத அறிவிப்பும் வரலாம். வயது பொதுவாக 18 முதல் 25 வரை. கீழ்நிலைப் பணிக்குப் பத்தாம் வகுப்பும், அடுத்ததற்குப் பன்னிரண்டும், மேல்நிலைக்குப் பட்டமும் கேட்கிறார்கள். ஆட்டத் திறமை ஒன்றாகவே இருந்தாலும் சான்றிதழைப் பொறுத்துச் சம்பளம் மாறுகிறது. படிப்பைப் பதின்மூன்றில் ஓரங்கட்டக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே போதும்.

ரயில்வேயை விமர்சிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. உள்நாட்டில் நெடுங்காலம் கோப்பைகளைக் குவித்த அணி அது. தமிழ்நாட்டு அணியில் நிச்சய இடம் பெற்றிருந்தவள் அங்கே போய்த் தண்ணீர் பாட்டில் தூக்கலாம். ஆடாமல் இருப்பவள் வளர மாட்டாள். எனவே பத்தொன்பது வயதில் மாநில சீனியர் அணியில் தொடர்ந்து ஆடும் பெண், வேலை கிடைத்தது என்பதற்காக உடனே ஓட வேண்டியதில்லை. இரண்டு மூன்று பருவம் ஆடி, பட்டத்தை முடித்து, அதற்குப் பிறகு போகலாம். வயது வரம்பு அதற்கு இடம் தருகிறது.

சின்ன வயதில் நல்ல பயிற்சி கிடைக்காவிட்டால் பிறகு எதுவுமே கிடைக்காதே என்பது பெரிய ஆட்சேபம். ஷஃபாலி வர்மா 15 வயதில் இந்தியாவுக்கு ஆடினார். கமலினி சென்னையில் சூப்பர் கிங்ஸ் அகாடமியில் பயின்றுதான் வந்தார். இதை மறுக்க முடியாது. ஆனால் ஹேமலதா பதினெட்டு வயது வரை தெருவில் ஆடியவர். சென்னை எம்.ஓ.பி. வைஷ்ணவ் கல்லூரியில் சேர்ந்த பிறகே முறையான பயிற்சி. 2018-இல், இருபத்து நான்கு நிறைவதற்குள், இந்திய அணி. அவர் சென்னைப் பெண், மலைப் பெண் அல்ல என்பதைக் கவனத்தில் கொண்டாலும், கல்லூரி என்னும் கதவு பதினெட்டு வயதிலும் திறந்தே இருக்கிறது என்பதற்கு அவர் சாட்சி. கமலினியையும் ஏலத்துக்குக் கொண்டுபோனது அகாடமியின் பெயர் அல்ல. 19 வயதுக்குட்பட்டோருக்கான மாநிலங்களுக்கிடையேயான போட்டியில் எட்டு ஆட்டங்களில் எடுத்த 311 ரன். மாநில வயதுப் பிரிவு அணி என்னும் வாசலைத் தாண்டாமல் யாரும் மேலே போவதில்லை.

அந்த வாசல் வரை மலையிலிருந்து போக முடியுமா? உடலைப் பொறுத்தவரை மலை குறை வைக்காது. 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோயிலைச் சுற்றி விரிந்து கிடக்கும் புல்வெளி போன்ற இடம் ஓட்டப் பயிற்சிக்குக் கீழே கிடைக்காது. அது மலையாளிப் பழங்குடி மக்கள் கும்பிடும் இடம், மே மாதம் திருவிழா காணும் இடம் என்பதால் ஓடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குறை இருப்பது ஆடுகளத்தில். மழையும் மூடுபனியும் பயிற்சி நாட்களைத் தின்றுவிடும். மேட் விரித்த விக்கெட்டில் மட்டும் ஆடிப் பழகியவள் மண் விக்கெட்டில் பந்து தாழ்ந்து வரும்போது திணறுவாள். இதற்குத் தீர்வு சென்னையில்தான் இருக்கிறது என்பது பழைய நிலவரம். 2020-இல் வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் அறக்கட்டளை மைதானம் திறக்கப்பட்டது, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்களும் அங்கே நடந்துள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்க வேண்டாம். வார இறுதியிலும் விடுமுறையிலும் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்க வழி செய்தால் பதினைந்து வயது வரை போதும். இன்னொன்று: பெண்கள் ஆடும் பந்து 140 முதல் 151 கிராம், கடையில் கேட்காமல் வாங்கினால் ஆண்களுக்கான 156 கிராமுக்கு மேற்பட்ட பந்துதான் கைக்கு வரும்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. பதினைந்து வயதுக்குட்பட்டோர் மாநில அணிக்கோ அதன் உத்தேசப் பட்டியலுக்கோ தேர்வாகிவிட்ட பெண்ணை மலையில் வைத்திருப்பது தவறு. அவளுக்குத் தினமும் தன்னைவிட வேகமாகப் பந்து வீசுகிறவர்கள் தேவை. அது சென்னையில்தான் கிடைக்கும். தேர்வுக்கு முன் வயதைச் சரிபார்க்க இடது மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழும் பள்ளிப் பதிவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அங்கேயே சிக்கல் தொடங்கும். எழுத்துப் பிழையோ தேதிப் பிழையோ இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தை விட்ட பிறகும் களத்தில் இருக்க இன்னொரு தொழில் உண்டு. சென்னையைச் சேர்ந்த என். ஜனனி மென்பொருள் வேலையிலிருந்து நடுவராக வந்து, 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் நின்ற முதல் பெண் நடுவர்களில் ஒருவரானார். முப்பது வயதில் மட்டையை வைப்பவர்களுக்கு அது நல்ல திசை; பதின்மூன்று வயதில் யோசிக்க வேண்டியது அல்ல.

ஆக, மாநில அணி கூப்பிட்டால் எந்த வயதானாலும் மகளை அனுப்பிவையுங்கள். அகாடமியின் விளம்பரம் மட்டும் கூப்பிட்டால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை சேலத்தில் ஆடட்டும்.