வங்கி விதிக்கு ஒரு பொழிப்புரை

பள்ளியில் செய்யுள் படித்த நாள்களில் பதவுரை, பொழிப்புரை என இரண்டு எழுதினோம். பதவுரையில் சொல்லுக்குச் சொல் பொருள் நிற்கும். பொழிப்புரையில் செய்யுளின் கருத்து முழுவதும் நம் நடையில் திரண்டு வரும். பதவுரையை மனப்பாடம் செய்தே எழுதிவிடலாம். பொழிப்புரைக்குப் பொருள் விளங்கியிருக்க வேண்டும். வைப்பு, கடன், காப்பீடு ஆகியவற்றின் விதிகளைப் படிக்கும்போது நமக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது பயிற்சியே.

வைப்புத்தொகைக் காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். வங்கி முடங்கினால் வைப்பாளருக்குக் காப்பீட்டுத் தொகையை வழங்குவது, ரிசர்வ் வங்கிக்கு முழு உரிமையுள்ள துணை நிறுவனமாகிய வைப்புத்தொகைக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம். அதன் விதியை அலுவலக நடையில் எழுதினால் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: ஒரு வங்கியில் ஒரு வைப்பாளர் ஒரே தகுதியிலும் ஒரே உரிமையிலும் வைத்திருக்கும் வைப்புகள் அனைத்துக்கும், அசலும் வட்டியும் சேர்த்து, 5,00,000 ரூபாய் வரை காப்பீடு உண்டு.

இதைச் சொந்தச் சொல்லில் எழுதச் சொன்னால் சிலர் 'வைப்பாளர்' என்பதைப் 'பணம் போட்டவர்' என்றும், 'காப்பீடு' என்பதை 'இன்சூரன்ஸ்' என்றும் மாற்றிவிட்டு, வாக்கியத்தை அப்படியே வைத்துவிடுவர். சொற்கள் மாறின, விளங்காதது விளங்காமலே கிடக்கிறது. 'ஒரே தகுதி' என்றால் என்ன என்று வீட்டில் ஒருவர் கேட்டால் விடை வராது.

வேறு சிலர், 'பேங்கில் போட்டதில் அஞ்சு லட்சத்துக்குக் கவலையில்லை' என்று சுருக்கிவிடுவர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலத்திலிருந்த 'ஒரு வங்கியில்', 'அனைத்துக்கும்', 'அசலும் வட்டியும் சேர்த்து', 'ஒரே தகுதியில்' ஆகிய நான்கும் உதிர்ந்துபோயின. பணம் இருப்பதோ அந்த நான்கில்தான்.

ஒரே வங்கியின் இரு கிளைகளில் தலா 4,00,000 ரூபாய் வைத்திருப்பவர், இரண்டுக்கும் தனித்தனியே காப்பு உண்டு என எண்ணக்கூடும். விதி கிளையைப் பார்ப்பதில்லை. அவர் பெயரிலுள்ள சேமிப்பு, நடப்பு, நிரந்தர, தொடர் வைப்புகள் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். காப்பு 5,00,000 ரூபாயோடு நின்றுவிடும். அதே தொகை இரு வேறு வங்கிகளில் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. வட்டிக் கணக்கும் அப்படியே: அசல் 4,80,000, சேர்ந்த வட்டி 35,000 எனில் கூட்டுத்தொகை 5,15,000, அதில் 15,000 ரூபாய் காப்புக்கு வெளியே நிற்கிறது. 'தகுதி' என்பது எந்த நிலையில் அந்தப் பணத்தை வைத்திருக்கிறோம் என்பது. தம் பெயரில் மட்டும் உள்ள கணக்கு ஒரு தகுதி. மனைவியோடு கூட்டாக உள்ளது வேறு தகுதி. மைனர் பிள்ளைக்குக் காப்பாளராக வைத்திருப்பது இன்னொன்று. இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை.

இவ்வளவும் விளங்கிய பின்னர்த் தாளை மடித்து வைத்துவிட்டு, வங்கி நடை அறியாத ஒருவருக்கு வாய்மொழியாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது. தாள் கண்முன் இருந்தால் அதன் சொற்களே நாவில் வந்து நிற்கும். சொல்லி முடித்ததும் தாளை விரித்து, 'வரை', 'மட்டும்', 'தவிர', 'சேர்த்து' போன்ற சிறு சொற்களில் எது விடுபட்டது எனத் தேடலாம். பெரிய சொற்களை யாரும் மறப்பதில்லை.

எல்லாச் சொல்லையும் மாற்றவும் கூடாது. 'நியமனதாரர்' என்பதை 'வாரிசு' என்று எழுதினால் வாக்கியம் எளிதாகும், பொருள் கெட்டுவிடும். நியமனதாரர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவர். அதனாலேயே அவர் அதற்கு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. சட்டப்படியான வாரிசுகளின் பங்கு அப்படியே நிற்கும். பெயரை மாற்றிச் சொன்ன ஒரு சொல்லால் உடன்பிறந்தோருக்குள் வழக்கு மூளலாம். இத்தகைய கலைச்சொற்களை இருந்தபடியே வைத்து, அருகில் விளக்கம் எழுதுவதே முறை.

குறிப்பை எங்கிருந்து எடுத்தோம், எந்த நாளில் எடுத்தோம் என்பதையும் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். இந்தக் காப்பீட்டின் வரம்பு 1962-இல் 1,500 ரூபாயாக இருந்தது. பலமுறை உயர்ந்து 1993-இல் 1,00,000 ஆயிற்று. 2020 பிப்ரவரி 4 முதல் 5,00,000 ஆனது. 2019-இல் ஒருவர் பிழையின்றி எழுதிவைத்த குறிப்பு இன்று பிழையாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் தேதியின்றிச் சுற்றும் செய்திகளில் இந்த இரு தொகைகளில் எது வரும் என்பது அனுப்புபவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பயிற்சிக்கு ஒன்று தருகிறோம். பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி தடை விதித்த வங்கியின் வைப்பாளர்களுக்கு, 2021-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தப்படி, காப்பீட்டு வரம்புக்கு உட்பட்ட தொகை பொதுவாக 90 நாள்களுக்குள் வழங்கப்பட வேண்டும். இதை உங்கள் சொல்லில் எழுதுங்கள். எழுதியதைப் படிப்பவருக்கு, அந்த 90 நாள் வங்கி மூடப்படும் நாளிலிருந்து அல்ல, தடை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது என்பது தெரிகிறதா என்று பாருங்கள்.