சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறலையா?



சில வருடங்களுக்கு முன்னால் ஆனைகட்டி பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் உறுப்பினர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், எம் பொண்ணுக்கு சத்து மாத்திரை குடுத்துட்டேதான் இருக்கறனுங்க. ரத்தம் ஏறவே மாட்டீங்குதுங்க. மழை, குளிரு வந்தா கை கால் வலின்னு ராத்திரி பூரா அழுகறா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முருங்கைக் கீரை குடுங்கம்மா, ராகி குடுங்க." பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, "அவ எங்கீங்க ஆக்கறா, எந்நேரமும் காட்டு வேலைதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில்தான் தெரிந்தது, அந்தக் குழந்தைக்கு இருப்பது அரிவாள் செல் ரத்தசோகை. கீரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் சொன்னது தப்பு, சிரித்ததும் தப்பு. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் தப்பு என்று அன்றைக்கு விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர், நர்ஸ் என்று பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இப்போது எழுதுகிறேன்.

புரதம் என்றால் என்ன என்று கேட்டால் நம் உறுப்பினர்கள் உடனே, "கொள்ளு, தட்டப்பயிறு, முட்டைங்க" என்பீர்கள். சரிதான். ஆனால் புரதம் சாப்பாட்டில் மட்டும் இருப்பதில்லை. நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் வேலை செய்கிறவை பெரும்பாலும் புரதங்கள்தான். சோற்றைச் செரிக்க வைப்பது ஒரு புரதம், அடிபட்டால் ரத்தத்தை உறைய வைக்க ஒரு புரதம், மூச்சுக் காற்றைச் சுமக்க ஒரு புரதம்.

ஒரு புரதம் என்பது பாசிமணி கோத்த சரம் மாதிரி. மணிகள் மொத்தம் 20 வகை. அமினோ அமிலம் என்று பேர். நாம் சாப்பிடும் கொள்ளு வயிற்றில் தனித்தனி மணியாகப் பிரிந்துவிடும். அந்த மணிகளைத் திரும்பவும் நம் உடம்பு தன் கணக்குப்படி கோத்துக்கொள்கிறது. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்ற கணக்கு, அம்மா அப்பாவிடமிருந்து வருவது.

கோத்த சரம் சும்மா தொங்காது. சுருண்டு மடங்கி ஒரு உருவத்துக்கு வரும். அந்த உருவம் இருந்தால்தான் வேலை நடக்கும். சாவியும் இரும்புதான், ஆணியும் இரும்புதான். ஆணியால் பூட்டைத் திறக்க முடியுமா?

உருவம் மாறினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அடுப்பில் தினமும் பார்க்கிறீர்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. வேக வைத்தால் கட்டியாகிறது. மணிச் சரம் அறுந்து போகவில்லை, சூட்டில் மடிப்பு மட்டும் கலைந்து ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டது. ஆற வைத்தால் திரும்ப இளகுமா? இளகாது. அந்த முட்டையை அடை வைத்தாலும் குஞ்சு வராது!

நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருகிற கொலாஜன் என்ற புரதத்தின் உருவத்தைக் கண்டு சொன்னது நம் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்ற இரண்டு விஞ்ஞானிகள், அது மூன்று சரம் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று 1954-ல் எழுதினார்கள். தேங்காய் நார்க் கயிறு திரிக்கிற நம் சகோதரிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒற்றைப் புரி தாங்காத பாரத்தை மூன்று புரி தாங்கும்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். சிவப்பு அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். ஒரே ஒரு அணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு சரம் சேர்ந்த உருண்டை. ஒவ்வொரு சரத்துக்குள்ளும் இரும்பு. அதனால்தான் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்பு குறைந்ததால் வந்த சோகை என்றால் மாத்திரை கேட்கும்.

அரிவாள் செல் சோகையில் குறை இரும்பில் இல்லை, சரத்தில். பீட்டா என்கிற சரத்தில் 146 மணி. அதில் 6-வது இடத்தில் வேறு மணி வந்துவிடுகிறது. இருக்க வேண்டிய மணி தண்ணீரோடு ஒட்டும். வந்து உட்கார்ந்ததோ எண்ணெய் மாதிரி, தண்ணீருக்கு ஆகாது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் அதன் உருவம் கொஞ்சம் மாறும். அப்போது இந்த எண்ணெய் மணி பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்ததோடு, அடுத்தது அதற்கடுத்ததோடு என்று நீளமான நாராகிவிடுகிறது. அந்த நார் உள்ளேயிருந்து தள்ளுவதால், வட்டத் தட்டு போல், மெத்தென்று இருந்த அணு கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப் போகிறது.

விறைத்த அணு மெல்லிய ரத்தக் குழாயில் நுழைய முடியாமல் அடைக்கிறது. அதுதான் அந்தக் குழந்தையின் வலி! நல்ல சிவப்பு அணு 120 நாள் உயிரோடு இருக்கும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அதனால்தான் ரத்தம் ஏறுவதில்லை. உடைந்த அணுவில் இருந்த இரும்பு உடம்பிலேயேதான் இருக்கிறது. இன்னும் இன்னும் இரும்பு கொடுத்து என்ன பிரயோசனம்? ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள். பரிசோதனை செய்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு மணிதான் வித்தியாசம் என்பதை இங்கிலாந்தில் வெர்னான் இங்கிராம் என்பவர் 1956, 57-ல் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே, 1952-ல், நம் நீலகிரி மலை மக்களின் ரத்தத்தில் இந்த அரிவாள் அணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் பதிவு செய்திருந்தார்கள். சாமி குத்தம், சாபம் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் இல்லைங்க.

இந்தக் கணக்கு ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் வராது, 'கேரியர்' என்பார்கள். அவர்களை மலேரியா அவ்வளவாக வாட்டாது. மலைக்காடுகளில் இது தலைமுறையாக நிலைத்ததற்கு அதுதான் காரணம். அம்மா அப்பா இரண்டு பேரும் கேரியர் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 4-ல் 1 பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று நினைக்கக் கூடாது. அம்மாவை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை, அப்பாவிடமிருந்தும் வந்தால்தான் நோய்.

2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு இதற்கென்று தேசிய இயக்கம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதித்து அட்டை கொடுப்பது திட்டம். உங்கள் ஊரில் எப்போது, எங்கே எடுக்கிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அந்தக் குழந்தை இப்போது ஃபோலிக் அமில மாத்திரையும், டாக்டர் எழுதிய ஹைட்ராக்ஸியூரியாவும் சாப்பிடுகிறாள். தண்ணீர் பாட்டில் இல்லாமல் பள்ளிக்கூடம் போவதில்லை, குளிரில் ஸ்வெட்டர் கட்டாயம். காய்ச்சல் வந்தால் அம்மா அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்து போவது குறைந்திருக்கிறது.

அவளுடைய அக்காவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். கேரியர். கல்யாண வயசு. "மாப்பிள்ளை வீட்டுல சொல்லறதாங்க, வேண்டாமுங்களா?" என்று அம்மா கேட்டார். சொல்லி, மாப்பிள்ளைக்கும் ரத்தம் பார்ப்பதுதான் நல்லது என்றேன். ஆனால் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. குழுத் தலைவியிடம் பேசி, இந்த விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுதவில்லை.