துளியை நகர்த்தும் பரப்பு: நுண்துளி நுட்பமும் மக்கள் நல்வாழ்வும்

ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். அந்த அளவுள்ள நீர்த்துளியின் விட்டம் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். இத்துணைச் சிறிய துளியின்மீது புவியீர்ப்பைக் காட்டிலும் பரப்பு இழுவிசையே ஓங்கி நிற்கிறது. ஆகவே, துளி தங்கியிருக்கும் பரப்பின் தன்மையை மாற்றினால், குழாயும் பம்பும் இன்றியே அதனை நகர்த்த இயலும்.

துளி நகரும் விதம்

துளியின் விளிம்பு பரப்பைத் தொடுமிடத்தில் அமையும் கோணம் சேர்கோணம் எனப்படும். 1805-இல் தாமஸ் யங் இதனை விளக்கினார். நீரை ஈர்க்கும் பரப்பில் இக்கோணம் சிறுத்துத் துளி பரவும். நீரை விலக்கும் பரப்பில் கோணம் பெருத்துத் துளி திரண்டு நிற்கும். ஒரே துளியின் இரு பக்கங்களிலும் இத்தன்மை வேறுபட்டால், ஈர்க்கும் பக்கம் நோக்கித் துளி செல்லும். 1992-இல் மனோஜ் சௌத்ரி, ஜார்ஜ் வைட்சைட்ஸ் ஆகிய இருவரும் சிலிக்கான் தகட்டின் வேதித்தன்மை படிப்படியாக மாறுமாறு அமைத்து, 15 பாகைச் சரிவில் நீர்த்துளியை மேல்நோக்கி ஏறச் செய்தனர்.

இம்முறையில் ஒருமுறை அமைத்த பாதை மாறாது. மின்னழுத்தத்தைக் கையாளும் முறையில் இக்குறை இல்லை. மின்சாரத்தால் பரப்பு இழுவிசை மாறும் என்பதைக் காப்ரியேல் லிப்மன் 1875-இலேயே பாதரசத்தைக் கொண்டு நிறுவியிருந்தார். இன்றைய கருவிகளில் சிறு மின்வாய்கள் வரிசையாக அமைக்கப்பட்டு, அவற்றின்மேல் மின்காப்புப் படலமும் நீர்விலக்குப் படலமும் பூசப்படுகின்றன. அடுத்துள்ள மின்வாய்க்கு மின்னழுத்தம் கொடுத்தவுடன் அவ்விடத்தில் சேர்கோணம் குறைய, துளி அங்கே நகர்கிறது. இவ்வாறே துளிகளைப் பிரிக்கவும் இணைக்கவும் கலக்கவும் முடிகிறது.

ஒரு பயன்பாடு

போம்பே, கோஷே, ஃபேப்ரி போன்ற பிறவி நோய்களில் குறிப்பிட்ட நொதி ஒன்று குறைவுபடுகிறது. தாளில் உலர்த்திய சில இரத்தத் துளிகளிலிருந்து இக்குறையைக் கண்டறியும் நுண்துளிக் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இசைவளித்தது. அதற்கு அடிப்படையான மிசௌரி மாநில ஆய்வில் 1,54,412 பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. 73 குழந்தைகளுக்கு நோய் இருப்பது சரியாகக் கண்டறியப்பட்டது.

நாம் எண்ண வேண்டியவை

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, இந்நோய்களைச் சிகிச்சை உண்டெனினும் பெருஞ்செலவு பிடிக்கும் பிரிவில் வைத்துள்ளது. நோயாளி ஒருவருக்கான உதவி வரம்பு 2022-இல் 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. குழந்தைப் பருவப் போம்பே நோயில் இதயத்தசையும் உடல் தசைகளும் சிதைந்தபின் தொடங்கும் சிகிச்சையின் பயன் குறைவு. எனவே, காலந்தாழ்ந்து கண்டறிவதால் குழந்தையின் வாழ்வும் பொதுப்பணமும் ஒருங்கே இழப்புக்குள்ளாகின்றன.

ஆயினும், கருவியின் விலையை மட்டும் கணக்கிடுவது போதாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் சோதனைத் தகடு, உறுதிசெய்யும் மறுசோதனை, பெற்றோருக்கான ஆலோசனை ஆகிய அனைத்தும் செலவில் சேரும். மின்வாய்களை அச்சு மின்சுற்றுப் பலகையில் அமைக்கலாமாதலின் உள்நாட்டு உற்பத்திக்கு இடமுண்டு. இரத்தப் புரதங்கள் ஒட்டாத படலத்தை உருவாக்குவதே கடினமான பகுதி; ஆராய்ச்சி நிதி அங்கே செல்லுதல் நலம்.

சிகிச்சைக்கு வழிசெய்யாமல் நோயை மட்டும் அறிவிப்பது பெற்றோருக்குத் துயரத்தையே கூட்டும். ஆதலின் சோதனைத் திட்டமும் சிகிச்சைக்கான நிதியும் ஒரே திட்டமாக வகுக்கப்படுதல் இன்றியமையாதது.