இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்: வாங்கலாமா, வேண்டாமா?

மாணவர்களே, உங்கள் அண்ணன் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் கார் ஒன்றை வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னே இரண்டு கார்கள் நிற்கின்றன. இரண்டுமே 2007இல் அறிமுகமான எஃப்டி2 வகை. முதல் கார் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடியுள்ளது. பராமரிப்புப் பதிவு எதுவும் இல்லை. விலை 70,000 வெள்ளி. இரண்டாவது கார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியுள்ளது. எண்ணெய் மாற்றிய ரசீதுகள் எல்லாம் பத்திரமாக உள்ளன. விலை 60,000 வெள்ளி. (விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை.)

“குறைவாக ஓடிய காரையே வாங்கு” என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

மீட்டர் சொல்லாத கதை

மீட்டர் காட்டுவது சக்கரம் கடந்த தூரம். இஞ்ஜின் தேய்வதோ அது எத்தனை முறை சுழன்றது என்பதையும் பொறுத்தது.

இரண்டாவது கார் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், மணிக்குச் சராசரியாக 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால், 2 லட்சம் கிலோமீட்டருக்கு 2,000 மணி நேரம் ஆகும். அப்போது இஞ்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். 2,000 × 60 × 3,000 = 36 கோடி சுழற்சிகள்.

முதல் கார் நகர நெரிசலிலேயே ஓடியிருந்தால்? சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்; 1 லட்சம் கிலோமீட்டருக்கு 4,000 மணி நேரம். சராசரியாக நிமிடத்துக்கு 1,500 சுழற்சி என்றால், 4,000 × 60 × 1,500 = 36 கோடி. மீட்டரில் பாதித் தூரம்தான். ஆனால் இஞ்ஜின் சுழன்றது அதே அளவு!

சுழற்சி கூடினால் விசை என்ன ஆகும்?

இந்தக் காரின் கே20ஏ இஞ்ஜின் 2 லிட்டர் கொள்ளளவு கொண்டது. டர்போ இல்லாமலே 225 குதிரைத்திறன் தருகிறது. அந்த உச்சத் திறன் கிடைப்பது நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில்.

பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரம் 86 மில்லிமீட்டர். ஒரு சுழற்சியில் அது கீழே போய் மேலே வருவதால் 172 மில்லிமீட்டர் நகர்கிறது. 8,000 சுழற்சியில் அதன் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 23 மீட்டர். ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை அது நின்று திசை மாறவும் வேண்டும். அதற்குத் தேவையான விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 3,000 சுழற்சியோடு ஒப்பிட்டால் 8,000 சுழற்சியில் அந்த விசை சுமார் 7 மடங்கு. இதைத் தாங்குபவை பேரிங்குகளும் அவற்றின் மேல் படர்ந்துள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமும்தான். ஆகவே செப்பாங் பந்தயத் தடத்தில் ஓடிய 1,000 கிலோமீட்டரும், வேலைக்குப் போய்வந்த 1,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. எண்ணெய் ரசீதுகளுக்கு மதிப்பு வருவதும் இதனால்தான்.

இஞ்ஜினுக்குள் எட்டிப் பார்க்கலாம்

இஞ்ஜினைப் பிரிக்காமலே அதன் உடல்நிலையை அறியப் பட்டறையில் ஒரு சோதனை உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் இஞ்ஜினைச் சுழற்றுவார்கள். நான்கு சிலிண்டர்களிலும் 13, 13, 12.8, 9 பார் என்று வந்தால், நான்காவதில் காற்று எங்கோ கசிகிறது.

எங்கே? அந்தச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் நன்றாக உயர்ந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்திருக்கிறது. தேய்ந்தவை பிஸ்டன் ரிங்குகளே. உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகப்பட வேண்டும்.

புகையும் பேசும். நீலப் புகை, எண்ணெய் எரிகிறது என்பதன் அடையாளம். இஞ்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் குளிர்விப்பு நீர் உள்ளே கசிந்திருக்கலாம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பூ தேயாமல் இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதைத் தடுத்து நிறுத்துபவை பிரேக்கும் டயரும்தான்.

பணக் கணக்கு

பழுதான இஞ்ஜினைச் சீர்செய்ய 20,000 வெள்ளி ஆகும் எனக் கொள்வோம். பதிவே இல்லாத முதல் காரில் அதற்கான வாய்ப்பு 40 விழுக்காடு என மதிப்பிட்டால், எதிர்பார்ப்புச் செலவு 8,000 வெள்ளி, மொத்தம் 78,000. இரண்டாவது காரில் வாய்ப்பு 10 விழுக்காடு. அதற்கு 2,000 வெள்ளி. கிளட்ச், புஷ் போன்றவற்றை மாற்ற இன்னொரு 8,000. மொத்தம் 70,000.

அழுத்தச் சோதனையில் முதல் கார் நன்றாகத் தேறி, அதன் வாய்ப்பும் 10 விழுக்காடாகக் குறைந்தால்? மொத்தம் 72,000 ஆகிவிடும். இடைவெளி 8,000இலிருந்து 2,000 வெள்ளியாகச் சுருங்கிவிட்டது. ஒரு சோதனை தரும் தகவலுக்கு அவ்வளவு மதிப்பு! ஆகவே சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று. 2,000 வெள்ளி என்பது சராசரி. அண்ணன் கட்டப்போவதோ ஒன்று சுழியம், இல்லையேல் 20,000 வெள்ளி. காரை வாங்கிய பிறகு அவர் கையில் அந்த 20,000 மிஞ்சாது என்றால், எந்தக் கார் சிறந்தது என்ற கேள்விக்கே இப்போது இடமில்லை. “இன்னும் ஓராண்டு சேமியுங்கள், அண்ணா” என்பதே சரியான விடை.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு கார் மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. இஞ்ஜின் நிமிடத்துக்குச் சராசரியாக 2,000 முறை சுழன்றது. மொத்தச் சுழற்சிகள் எத்தனை?

2. நான்கு சிலிண்டர்களில் அழுத்தம் 13, 9, 9, 13 பார். எண்ணெய் விட்டும் உயரவில்லை. எது பழுதாகியிருக்கலாம்?

விடைகள்: 1. 36 கோடி. 2. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருப்பதால், அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம்.