பருத்தியில் மெஷின் எம்பிராய்டரி: முதலில் துவையுங்க, பிறகு தையுங்க

மணவாள நகரில் வீட்டிலிருந்தே பஞ்சுப் போர்வை தைத்துக் கொடுக்கிறீங்களா? பூவேலைக்கு முன்னாடி பருத்தித் துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்க. புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும்; பாலியஸ்டர் நூல் சுருங்காது. அதனால்தான் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழுது, ஆர்டரும் திரும்பி வருது.

அடியில் ஸ்டெபிலைசர் தாள் வைத்து, துணியை இழுக்காமல் வளையத்தில் பூட்டுங்க. 75/11 ஊசி போதும். துண்டுத் துணியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. பஞ்சு வைத்துத் தைப்பது கடைசி வேலை.

மெஷின் வாங்கப் பணம் வேணுமா? 35 வயது நிறைந்த தையல் கலைஞர்களுக்கு, 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை வங்கிக் கடன் உண்டு, 25 சதவீத மானியமும் (அதிகபட்சம் ரூ.50,000) கிடைக்கும். மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகத்துக்கு திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்க.