பிவட் டேபிளில் ஊர்ப் பெயர் சொல்லித் தொகை எடுப்பது

மண்ணாடிப்பட்டு கொம்யூன் கிராமங்களில் காலையும் மாலையும் கறக்கும் பால், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் குருமாம்பேட்டில் இருக்கும் பாண்லே நிலையத்துக்குப் போகிறது. இப்படிப் பல ஊர்ப் பாலை ஒரே எக்செல் தாளில் தொகுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேதி, ஊர், வேளை, லிட்டர், கொழுப்பு என்று நாள்தோறும் பதிகிறீர்கள். அதிலிருந்து பிவட் டேபிள் போட்டால் ஊர்வாரித் தொகை நொடியில் வந்துவிடும். சிக்கல், அந்தத் தொகையைப் பட்டுவாடாத் தாளுக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான்.

பலரும் பி7 என்று கட்டத்தின் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். இன்று பி7-ல் சோரப்பட்டு இருக்கும். நாளை புதிதாக ஓர் ஊர் சேர்ந்தால் வரிசை ஒன்று கீழே இறங்கும். சோரப்பட்டுக்கு உரிய இடத்தில் செல்லிப்பட்டின் தொகை வந்து உட்காரும். பிழை என்று எக்செல் எதுவும் சொல்லாது. பால் ஊற்ற நிற்கும் வரிசையில் ‘நாலாவது ஆள்’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போல, இங்கேயும் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அதற்கென்றே இருக்கும் ஃபார்முலா கெட்பிவட்டேட்டா:

=கெட்பிவட்டேட்டா("லிட்டர்", சுருக்கம்!$ஏ$3, "ஊர்", "சோரப்பட்டு", "வேளை", "காலை")

ஃபார்முலாவின் பெயரையும் ஏ3 போன்ற முகவரிகளையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். தலைப்புகளும் ஊர்ப் பெயர்களும் தமிழிலேயே இருக்கலாம். முதலில் எந்தத் தொகை வேண்டும் என்பது, அடுத்து எந்தப் பிவட் டேபிள் என்பது, பிறகு தலைப்பும் அதற்குரிய பெயருமாக இரண்டிரண்டாக. ‘சுருக்கம்’ என்பது பிவட் இருக்கும் தாள். பிவட்டின் இடது மேல் மூலைக் கட்டத்தையே கொடுங்கள். நடுவில் ஒரு கட்டத்தைக் கொடுத்தால், பிவட் சுருங்கும்போது அது வெளியே போய்விடும்.

இதை நீங்களே எழுதக்கூட வேண்டாம். சமக்குறி போட்டுப் பிவட்டுக்குள் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் எக்செல்லே எழுதித் தரும். அதைக் கீழே இழுத்தால் எல்லா வரிசையிலும் ஒரே எண் வருகிறது என்று சலித்துப்போய், ஆப்ஷன்ஸ் பகுதியில் இந்த வசதியையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அணைக்காதீர்கள். "சோரப்பட்டு" என்று மேற்கோளில் இருப்பதை நீக்கி, பட்டுவாடாத் தாளில் ஊர்ப் பெயர் இருக்கும் $ஏ5 கட்டத்தை அங்கே கொடுங்கள். இனி இழுத்தால் ஒவ்வொரு வரிசையும் தன் ஊரைத் தானே கேட்டு வாங்கும். ‘லிட்டர்’ என்ற சொல்லையும் ஒரு கட்டத்திலிருந்து எடுப்பதானால் அதன் பின்னால் &"" சேருங்கள்; இல்லாவிட்டால் பிழை காட்டும்.

பெயர் சொல்லிக் கேட்பதால் பெயர் துல்லியமாக இருந்தாக வேண்டும். நம் பகுதியில் கவனம் அதிகம் வேண்டியது இதில்தான். சந்தைப்புதுக்குப்பத்தைச் சிலர் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள், சிலர் ‘சந்தை புதுக்குப்பம்’ என்று பிரிக்கிறார்கள். கலிதீர்த்தாள்குப்பத்தில் ஒற்று வருகிறது, போகிறது. மண்ணாடிப்பட்டே ‘மன்னாடிப்பட்டு’ ஆவதும் உண்டு. நமக்கு ஒரே ஊர். பிவட்டுக்கு இரண்டு ஊர், இரண்டு தொகை. ஃபார்முலா ஒன்றை மட்டும் எடுத்து வரும், மற்றது விடுபடும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் இதே கதிதான். ஆகவே ஊர் நெடுவரிசையில் கையால் எழுதவே விடாதீர்கள். டேட்டா வேலிடேஷன் வழியாக ஊர்ப் பட்டியல் ஒன்று வைத்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்.

கேட்ட பெயர் பிவட்டில் கண்ணில் படும்படி இல்லாவிட்டால் ரெஃப் பிழை வரும். அதை இஃப்எரர் போட்டுச் சுழியமாக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பால் வராத வேளைக்கும், பெயர் தப்பாக எழுதிய ஊருக்கும் ஒரே சுழியம் காட்டினால், உழைத்தவர் பணம் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். சுழியத்துக்குப் பதில் "பார்க்கவும்" என்று வரச் செய்யுங்கள். கூட்டல் அந்தச் சொல்லை விட்டுவிடும், உங்கள் கண் விடாது. கடைசி வரிசையில் =கெட்பிவட்டேட்டா("லிட்டர்", சுருக்கம்!$ஏ$3) என்று மொத்தத்தைத் தனியே எடுத்து, ஊர்வாரிக் கூட்டலோடு ஒத்துப்பாருங்கள். பிவட்டில் மொத்த வரி காட்டப்பட்டிருந்தால்தான் இது வேலை செய்யும்.

யாராவது பிவட்டில் ஃபில்டர் போட்டால் மொத்தமும் சேர்ந்து குறையும். அதனால் ஃபார்முலாவுக்கென்று தனித் தாளில் ஒரு பிவட் வையுங்கள், பார்வையிட வேறொன்று.

கொழுப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. 10 லிட்டர் பசும்பாலில் 4 விழுக்காடு, 2 லிட்டர் எருமைப்பாலில் 7 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பிவட்டில் சராசரி கேட்டால் 5.5 என்று சொல்லும். லிட்டர் கணக்கில் பார்த்தால் 40, 14 இரண்டையும் கூட்டி 12-ஆல் வகுக்க வேண்டும், வருவது 4.5. எனவே பதிவுத் தாளிலேயே லிட்டரையும் கொழுப்பையும் பெருக்கி ஒரு நெடுவரிசை சேருங்கள். அதன் மொத்தத்தை ஒரு கெட்பிவட்டேட்டாவாலும் லிட்டர் மொத்தத்தை இன்னொன்றாலும் எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

பதிவுத் தாளில் எண்ணை மாற்றினாலும், பிவட்டைப் புதுப்பிக்கும்வரை இந்த ஃபார்முலா பழைய தொகையையே தரும். பட்டுவாடாத் தாளை அச்சிடும் முன் டேட்டா பகுதியில் ரெஃப்ரெஷ் ஆல் கொடுங்கள். அது மறந்துபோகும் என்றால், அல்லது ஊர்வாரி லிட்டர் மட்டும் போதும் என்றால், பிவட்டே வேண்டாம். சம்இஃப்ஸ் பதிவுத் தாளிலிருந்து நேரே கூட்டித் தரும், புதுப்பிக்கும் வேலையும் இல்லை.