க்யூவுக்கு யூ துணை வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. யூ சேராமல் க்யூ வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருந்தாய். கூடவே, "நான் தமிழ் மீடியம், இங்கிலீஷ் பேச வராது, நான் ஸ்க்ராபிள் ஆடினா சிரிப்பாங்களா மாமா?" என்றும் கேட்டிருந்தாய். இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

சிரிக்கிறவர்களுக்கு, எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் அந்த ஆட்டமே தெரியாது என்று வைத்துக்கொள். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார். 2024-ல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே வென்றார். ஆங்கிலப் போட்டியை எடுத்துக்கொள். 2003-ல் பனுபோல் சுஜ்ஜயகோர்ன், 2009-ல் பகோர்ன் நெமித்ரமன்சுக் என்று தாய்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் உலக சாம்பியன் ஆகியிருக்கிறார்கள். ஆங்கிலம் அவர்கள் வீட்டு மொழி இல்லை. அந்தப் பலகை உன் உச்சரிப்பைக் கேட்காது, நீ எந்தப் பள்ளி என்றும் கேட்காது. வைத்த சொல் பட்டியலில் இருக்கிறதா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. ஆங்கிலத்துக்குப் பயந்து வளரும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம்.

சிரிப்பவர்களைப் பற்றி உன் அம்மாச்சியைக் கேட்டுப் பார். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலாராணி சுங்கத் கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் சைக்கிளும் ஒன்றாகக் கற்றார்கள். அம்மாச்சி தன் பெயரை எழுதியது அப்போதுதான். அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்தார்கள். சைக்கிள் ஓட்டிய பெண்கள் அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

இனி க்யூ. லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த சொற்களில் க்யூ பெரும்பாலும் யூவோடுதான் வரும். வேறு வழியாக வந்தவற்றில் அந்தக் கட்டாயம் கிடையாது. அரபியில் அடித்தொண்டையில் ஒலிக்கும் ஓர் எழுத்தை ஆங்கிலத்தில் க்யூ போட்டு எழுதுவார்கள். அதனால் ஃபக்கீர், புர்கா, நிகாப், தலாக், கவ்வாலி எல்லாவற்றையும் யூ இல்லாமலே எழுதலாம். உன் கோட்டைப்பட்டினத்துச் சிநேகிதிக்கு இவை அத்தனையும் வீட்டுச் சொற்கள். இதில் அவள் உனக்கு வாத்தியார். இன்னொன்று சீனத்திலிருந்து வந்தது, க்யூ, ஐ என்று இரண்டே எழுத்து. உயிராற்றல் என்று பொருள், 'சீ' என்று சொல்வார்கள். க்யூவுக்குப் பத்துப் புள்ளி. ஆட்டம் முடியும்போது கையில் தங்கிவிட்டால் அந்தப் பத்தும் உன் கணக்கில் கழியும். ஆகவே இந்த இரண்டெழுத்துச் சொல்லை முதலில் நெட்டுருப் போடு.

ஜேயில் முடியும் சொல் ஆங்கிலத்தில் அபூர்வம். ராஜ், தாஜ், ஹஜ், ஸ்வராஜ் எல்லாம் நம் பக்கத்துச் சரக்கு, பட்டியலில் இருக்கின்றன. ஐ இரண்டு வந்து மாட்டிக்கொண்டால் இட்லி வை: ஐ, டி, எல், ஐ. வெட்டிவேருக்கு ஆங்கிலத்தில் சரியாக ஏழு எழுத்து: வி, இ, டீ, ஐ, வி, இ, ஆர். ஆட்டத்தின் முதல் சொல்லாகவே அதை இறக்கினால் எழுத்துக்குப் பதின்மூன்று, நடுக்கட்டத்தால் இரட்டிப்பு, ஏழையும் வைத்ததற்கு ஐம்பது என்று குறைந்தது 76 புள்ளி.

பட்டியலை ஏ முதல் இசட் வரை வரிசையாகப் படிக்காதே. இந்தியாவில் ஆடும் காலின்ஸ் பட்டியலில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் சொற்கள் உண்டு. முதலில் இரண்டெழுத்துச் சொற்கள், 120-க்கு மேல் இருக்கும். அவை இல்லாமல் ஆட்டமே நகராது. பிறகு எழுத்துக் கூட்டம். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ என்ற ஏழையும் ஒரு சீட்டில் எழுது. பின்பக்கம் அவற்றால் ஆகும் சொற்களை எழுது: ரீடெயின்ஸ், நாஸ்டியர், ரெடினாஸ், ஸ்டெயினர். இன்னும் உண்டு, நீயே தேடு. முன்பக்கத்தைப் பார்த்துப் பின்பக்கத்தைச் சொல்லிப் பழகு. எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கிப் பயில்வது நம் ஊருக்குப் புதிதில்லை. குடுமியான்மலைப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டைப் போய்ப் பார். சுரங்களை நான்கு நான்காக, ச, சி, சு, செ என்று உயிர் மாற்றி மாற்றி, பத்தி பத்தியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பயிலுகிறவர்களுக்காக வெட்டியது அது.

எஸ் நான்கே வில்லைதான், அற்பச் சொல்லுக்குச் செலவழிக்காதே. சொல்லைப் பன்மையாக்குவது சுலபமாகிவிடக் கூடாது என்றே ஆல்ஃப்ரெட் பட்ஸ் எஸ்ஸைக் குறைத்தார். வேலை இழந்த கட்டடக் கலைஞர் அவர். 1930-களில் செய்தித்தாளின் முதல் பக்கத்து எழுத்துகளை எண்ணித்தான் இ-க்குப் பன்னிரண்டு, க்யூவுக்கு ஒன்று என்று பங்கு பிரித்தார்.

பொருள் தெரியாமலே ஜெயிக்கலாம். ஆனால் நீ அதோடு நின்றுவிடாதே. ஆட்டம் முடிந்ததும் அன்றைக்கு வைத்த சொற்களுக்கு நோட்டில் தமிழில் ஒரு வரி எழுது. பி-யில் தொடங்கி எச்-இல் முடியும் ஆறெழுத்துச் சொல் ஒன்று உன் கண்ணில் படும். விலக்கி வைக்கப்பட்டவர் என்று ஆங்கில அகராதி சொல்லும். பறை அடித்த நம் மக்களின் பெயரை ஐரோப்பியர் எடுத்துக்கொண்டு போய் அப்படி ஆக்கிவிட்டார்கள். 2021-ல் மனிதரை இழிவு செய்யும் நூற்றுக்கணக்கான சொற்களைக் காலின்ஸ் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பட்டியல் எதைச் சொன்னாலும் சரி, எத்தனை புள்ளி கிடைத்தாலும் சரி, அந்தச் சொல்லை நீ பலகையில் வைக்க வேண்டாம் என்பது என் ஆசை.

பலகை வாங்கக் காசு கேட்டு அம்மாவைத் தொந்தரவு செய்யாதே. பட்ஸே முதலில் கையால்தான் செய்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை நூறு சதுரமாக வெட்டு. எழுத்துக்குத் தொண்ணூற்றெட்டு, வெற்று இரண்டு. ஒரே தடிமனான அட்டையாகப் பார், இல்லாவிட்டால் பைக்குள் கைவிடும்போதே தடவிக் கண்டுபிடித்துவிடுவார்கள். பதினைந்துக்குப் பதினைந்து கட்டம் போட ஒரு சார்ட் பேப்பர் போதும்.

நான்கு பேர்வரை ஆடலாம். கோட்டைப்பட்டினத்துப் பிள்ளையைச் சேர்த்துக்கொள், தெருவில் இன்னும் இரண்டு பேரைத் தேடு. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடு.

அன்புடன்,
மாமா